காணக் கற்கும் கண்கள்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

கண் திறந்தால் உலகம் தெரிந்துவிடும் என்று நாம் எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. நடக்கவும் பேசவும் கற்பதுபோலக் காணவும் குழந்தை கற்றே தேறுகிறது. பிறந்த சிசுவுக்கு மடியில் ஏந்திய தாயின் முகமே மங்கலாகத்தான் தெரியும். மாதந்தோறும் பார்வை கூர்மையடைந்து, ஐந்தாறு வயதில் ஏறத்தாழப் பெரியவர்களின் நிலையை எட்டும். உருவங்களை இனங்காணும் ஆற்றலோ அதற்குப் பின்னும் வளரும். னகரத்தையும் ணகரத்தையும் மாற்றி எழுதும் சிறுவன் சில ஆண்டுகளில் ஒரு சொல்லை ஒரே நோக்கில் படித்துவிடுகிறான். முகங்களை நினைவிற்கொள்ளும் திறன் முப்பது வயதைக் கடந்த பின்னரே உச்சம் எய்துகிறது என்பர் ஆய்வாளர்.

பிறவிக் குருடர் ஒருவர் பார்வை பெற்றால், தொட்டறிந்த உருண்டையையும் கனசதுரத்தையும் கண்டவுடன் வேறுபடுத்துவாரா என்று 1688-இல் மாலினோ என்னும் அறிஞர் தத்துவஞானி லாக்கிடம் வினவினார். அதற்கு விடை நம் இந்தியாவில் கிடைத்தது. பேராசிரியர் பவன் சின்கா தொடங்கிய ‘பிரகாஷ்’ திட்டத்தில் அறுவை மருத்துவத்தால் பார்வை பெற்ற சிறுவர்களை ஆராய்ந்து 2011-இல் முடிவு வெளியிட்டனர். கையால் தொட்ட பொருளைக் கண்ணால் உடனே அவர்களால் இனங்காண இயலவில்லை, சின்னாட்களிலேயே கற்றுக்கொண்டனர்! எனினும், காலந்தாழ்ந்து பெற்ற பார்வை முழுக் கூர்மை அடைவதில்லை.

காரணம் யாது? பூனைக்குட்டியின் ஒரு கண்ணைச் சிலகாலம் மூடிவைத்துப் பின்னர்த் திறந்தால், மூளை அக்கண்ணின் செய்தியைப் புறக்கணிக்கிறது என்பதை 1960-களில் ஹியூபலும் வீசலும் நிறுவினர். 1981-இல் நோபெல் பரிசும் பெற்றனர். கற்கும் பருவம் கழிந்தால் மூளையின் வாயில் பெரிதும் அடைபட்டுவிடுகிறது.

தாய்மார்களே! இங்கேதான் நம் கடமை இருக்கிறது. மாறுகண் அதிர்ஷ்டம் என்று மகிழ்ந்திருப்போர் நம்மிடையே இன்றும் உண்டு. மாறுகண்ணாலோ, ஒரு கண்ணில் மட்டும் உள்ள குறையாலோ அக்கண் சோம்பிப்போகலாம். மற்றொரு கண் நன்றாகத் தெரிவதால் குழந்தை ஒன்றும் சொல்லாது. ஏழு வயதுக்குள் கண்டறிந்தால், கண்ணாடி அணிவித்தும் நல்ல கண்ணைச் சிறிது நேரம் மறைத்தும் பெரும்பாலும் சீராக்கலாம். பின்னர் அது கடினம்.

ஆகவே, பள்ளியிற் சேர்க்குமுன் ஒவ்வொரு குழந்தையின் இரு கண்களையும் தனித்தனியே மருத்துவரிடம் சோதித்துவிடுங்கள். பொன்னும் பொருளும் பின்னர்த் தேடலாம். இப்பருவம் மீண்டும் வாராது.