ஞாயிறு நீங்கலாக ஆறு நாட்கள்



தமிழ்க் கிறிஸ்தவத்தின் வரலாறு பெரும்பாலும் கப்பலில் வந்தவர்களிடமிருந்தே தொடங்குகிறது. சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடியில் இறங்கினார். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறி முடிந்தது. பிறகு ஆலயங்கள், பள்ளிகள், மருத்துவமனைகள் எழும்பின. அந்த உழைப்பு பெரிது. அதைப் பற்றி நிறைய எழுதியும் ஆகிவிட்டது. ஆனால் ஞாயிறு ஆராதனை முடிந்து வீடு திரும்பிய சபையார் திங்கட்கிழமை காலையில் என்ன செய்தார்கள்? கச்சேரியிலும் வயலிலும் அடுப்படியிலும் அவர்களுடைய விசுவாசம் எப்படி வெளிப்பட்டது? இந்தக் கருத்தரங்கு கையில் எடுத்திருப்பது அந்தக் கேள்வியைத்தான்.

சீகன்பால்க் இறங்கிய அதே தரங்கம்பாடியில், ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு முன்சீப்பாக அமர்ந்தவர் வேதநாயகம் பிள்ளை. 1826இல் திருச்சிக்கு அருகே குளத்தூரில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். குருப்பட்டம் பெறாத குடும்பஸ்தர், சம்பளத்துக்கு உழைத்த அரசு ஊழியர். சீர்காழியிலும் மாயூரத்திலும் வேலை பார்த்து, மாயூரத்தின் பெயரோடேயே நிலைத்துவிட்டார். இன்றைய பொருளுக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பது அரிது.

அவர் காலத்தில் நீதிமன்றம் ஏழை வழக்காளிக்கு எட்டாத இடம். தன் நிலத்தின் தலைவிதியை எழுதிய தீர்ப்பு என்ன சொல்கிறது என்றே அவனுக்குத் தெரியாது. வேதநாயகம் பிள்ளை சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தந்து, 1862இல் 'சித்தாந்த சங்கிரகம்' என்று வெளியிட்டார். அதற்கு முன்பே, 1859இல் வந்த 'நீதி நூ'லில் கைக்கூலியைக் கண்டிக்க ஓர் அதிகாரம் ஒதுக்கினார். கச்சேரிகளில் லஞ்சம் புழங்கிய நாளில், அந்தக் கச்சேரிக்குள்ளேயே உட்கார்ந்திருந்த ஒருவர் எழுதியது அது. வழக்காடல் தமிழில் நடக்க வேண்டும் என்ற வாதத்தை 1879இல் வெளியான 'பிரதாப முதலியார் சரித்திர'த்துக்குள்ளும் கொண்டுவந்தார்.

இவற்றையெல்லாம் இலக்கிய வரலாற்றில் சேர்த்துவிட்டு, அவருடைய பக்தியைத் 'தேவமாதா அந்தாதி'யில் மட்டும் தேடுவது வழக்கம். அந்தப் பிரிவினை சரியல்ல. மாதாவை வணங்கிய கையும் தீர்ப்பைத் தமிழாக்கிய கையும் ஒன்றே. ஒருவன் வேலை பார்க்கும் இடத்தை விட்டுவிட்டு அவனுடைய விசுவாசத்தை ஆராய முடியாது.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருஷப் பஞ்சம் வாட்டியது. வேதநாயகம் பிள்ளை தம் பொருளைச் செலவிட்டு மாயூரத்தில் கஞ்சித் தொட்டி வைத்தார். அதை நேரில் கண்டு நெகிழ்ந்து அவர்மீது கீர்த்தனை பாடியவர், 'நந்தனார் சரித்திர'த்தைத் தந்த கோபாலகிருஷ்ண பாரதியார். பழுத்த சிவபக்தர் ஒருவர் ஒரு கிறிஸ்தவரைப் பாடுகிறார். அதுபோலவே சைவப் பெரும்புலவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, இந்த நண்பரைப் பாட்டுடைத் தலைவராக்கிக் 'குளத்தூர்க் கோவை' இயற்றினார். யாரும் யாருக்காகவும் தம் சமயத்தை ஒளித்துவைக்கவில்லை.

பஞ்ச காலத்தில்தான், 1878இல், 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை' வெளிவந்தது. எந்தச் சமயத்தாரும் பாடும்படி, கடவுளை இன்ன பெயர் என்று குறிக்காமல் எழுதப்பட்ட பாடல்கள். பஞ்சம் தீர வேண்டிய பாடல்களும் அதில் உண்டு. கிறிஸ்துவின் பெயர் வராத பாட்டு எப்படி நற்செய்தியைப் பகிர்வதாகும் என்று சபைக்குள் கேட்போர் உண்டு. நியாயமான கேள்விதான், அமர்வுகளில் விவாதிக்கலாம். இந்தத் தலைமையின் கருத்து: கஞ்சித் தொட்டிக்கு வந்தவரிடம் மதம் கேட்கத் தோன்றாத மனம், பாட்டிலும் கேட்கவில்லை. அதனால் அவருடைய சாட்சி குறைந்துபோகவில்லை.

எழுதியவர்களின் தடம் இப்படி எளிதாகக் கிடைத்துவிடுகிறது. எழுதாதவர்கள் என்ன ஆனார்கள்? திருநெல்வேலிச் சபைகளில் பிடியரிசி என்றொரு வழக்கம் உண்டு. உலை வைக்க அளக்கும் அரிசியிலிருந்து ஒரு பிடியைத் தனிப் பானையில் போட்டுச் சேர்த்து, பிறகு ஆலயத்தில் படைப்பார்கள். பணம் கையாளாத பெண்ணும் காணிக்கை தரும் வழி அது. அந்தச் சபைகளின் மக்கள்தான் 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார்கள். வெளிநாட்டுப் பணத்தை நம்பாமல், நிஜாம் ஆட்சியிலிருந்த தோர்ணக்கல் பகுதிக்கு ஊழியரை அனுப்பினார்கள். அதன் நிறுவனர்களில் ஒருவரான வெள்ளாளன்விளை அசரியா 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். அசரியாவின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. பிடியரிசி சேர்த்த பெண்களின் பெயர் இல்லை.

பெருமையை மட்டும் பேசிக் கலைந்துவிடவும் கூடாது. வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கத்தோலிக்க ஆலயத்தில் ஒரே பலிபீடத்துக்கு இரண்டு கூடங்கள். ஒரு சாதியார் இந்தப் பக்கம், இன்னொரு சாதியார் அந்தப் பக்கம். ஆறு நாள் வழக்கம் ஏழாம் நாளுக்குள்ளும் சுவராக வந்து நின்றது. 1910இல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டபோது விவகாரம் நீதிமன்றம் வரை போனது. இன்றும் சில ஊர்களில் கல்லறைத் தோட்டங்கள் சாதிவாரியாகப் பிரிந்தே கிடக்கின்றன. அன்றாட வாழ்வின் விசுவாசத்தைப் பேசும் எந்தக் கட்டுரையும் இதைத் தாண்டிப் போக முடியாது. பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கிடைக்கும் முதல் நற்செய்தி, அவனோடு சேர்ந்து உட்காரச் சம்மதிப்பதுதான்.

கட்டுரை வாசிக்க வந்திருப்போரிடம் ஒரு வேண்டுகோள். ஞானஸ்நானப் பதிவேடுகள், சபைக் கணக்குப் புத்தகங்கள், பள்ளிக்கூட வருகைப் பட்டியல்கள் பல ஊர்களில் செல்லரித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் படமெடுத்துக் காப்பாற்ற வேண்டும். பிடியரிசிப் பானையைத் தாயின் அடுப்படியில் பார்த்த மூதாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். எந்த ஊருக்கு யார் போய் அவர்களிடம் கேட்டு எழுதுவது என்பதை, நிறைவு அமர்வுக்கு முன்பே ஆய்வாளர்கள் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.