ஜீப் ஏன் முதலில் அந்தத் தெருவுக்குப் போகிறது?

பெட்டிக்கடை ஓரமாக நின்று குறிப்பெடுக்கும் உளவுப் பிரிவு நண்பரே, ஒரு சொல் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

போன வாரம் நம்மூர்க் கல்யாண மண்டபத்தில் ஆறு பவுன் சங்கிலி காணாமல் போனது. மண்டபத்தில் சமையல்காரர் இருந்தார், போட்டோக்காரர் இருந்தார், சம்பந்திகள் இரண்டு பக்கமும் இருந்தார்கள். ஜீப் எங்கே போனது? ஊருக்கு வெளியே குறவர் குடியிருப்புக்குப் போனது! மண்டபத்துப் பக்கமே வராத மூன்று பையன்களை அள்ளிக்கொண்டு போனது. மூன்று ராத்திரி அடி. நாலாம் நாள் சங்கிலி கிடைத்தது. மாப்பிள்ளையின் பெரியம்மா பெட்டியில், பட்டுச்சேலை மடிப்புக்குள். மறந்துவிட்டாராம். வயதான அம்மா, விட்டுவிடுங்கள். ஆனால் அந்தப் பையன்களிடம் “தப்பு எங்கள் மேல்தான் தம்பி” என்று ஒரு அதிகாரி சொன்னாரா?

ஏன் பிடித்தீர்கள் என்று கேட்டால், “அவங்க ஆளுகளே அப்படித்தான்” என்கிறார்கள். இவர்களுடைய துப்பறியும் விஞ்ஞானம் மொத்தமும் இவ்வளவுதான்!

இந்த விஞ்ஞானத்தை 1871-இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்தான். குற்றப் பரம்பரைச் சட்டம். 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. தொட்டிலில் கிடக்கிற பிள்ளையும் திருடன் பிள்ளை. 1920 ஏப்ரல் 3, பெருங்காமநல்லூரில் பிறமலைக் கள்ளர் மக்கள் அந்தச் சட்டப்படி கைரேகை வைக்க மாட்டோம் என்றார்கள். துப்பாக்கியால் பதில் வந்தது. செத்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருத்தி. சென்னை மாகாணத்தில் 1947-இல் சட்டம் போனது, நாடு முழுக்க 1952-இல் போனது. சட்டம் போய் என்ன? ஜீப் இன்னும் முதலில் அங்கேதானே போகிறது!

நம்மூர்ப் பெரிய மனிதர் ஒருவர், பேர் வேண்டாம், மாலை போட்டால் எந்த மேடையிலும் ஏறுவார், “அது ரத்தத்திலேயே இருக்குங்க” என்றார். சரி ஐயா. வங்கியில் ஆயிரக்கணக்கான கோடி மோசடி என்று வழக்கு வருமுன்னே 2018-இல் நீரவ் மோடி விமானம் ஏறினார். அன்றைக்கு வைர வியாபாரிகள் தெருவுக்கு ராத்திரியோடு ராத்திரியாக ஜீப் போய், அங்கே பிறந்த பையன்களையெல்லாம் அள்ளியதா? போகாது. போகவும் கூடாது. அந்த நியாயத்தில் ஒரு கரண்டி எங்கள் பையன்களுக்கும் ஊற்றுங்கள் என்கிறேன்!

ரத்தம் என்றால் வாச்சாத்திக்கு வாருங்கள். 1992 ஜூன் 20. சந்தன மரம் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் ஒரு மலையாளி பழங்குடி ஊருக்குள் புகுந்தன. பதினெட்டுப் பெண்களைச் சீரழித்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர், அத்தனை பேரும் அரசு ஊழியர்கள். 2011-இல் தீர்ப்பு வந்தபோது அவர்களில் உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது நீதிமன்றம். 2023-இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதற்குப் பிறகு காக்கிச் சட்டை போட்டவனெல்லாம் பிறவிக் குற்றவாளி என்று யாராவது சட்டம் போட்டார்களா? செய்தவனைத் தண்டித்தார்கள், மற்றவன் வேலைக்குப் போனான். அப்போது மட்டும் நியாயம் எப்படி இவ்வளவு சுத்தமாகப் புரிந்தது உங்களுக்கு?

2024 அக்டோபர் 3-இல் உச்ச நீதிமன்றமே சொன்னது: சிறைப் பதிவேட்டில் சாதிக்கு ஒரு கட்டம் இருக்கக் கூடாது, எடு என்றது. சாதி பார்த்துச் சிறை வேலையைப் பிரிக்காதே என்றது. இதைச் சொல்லவே நாடு விடுதலையாகி எழுபத்தேழு வருஷம் ஆகியிருக்கிறது! சிறைப் பதிவேட்டில் அழித்துவிடலாம். இன்ஸ்பெக்டர் மண்டைக்குள் இருக்கும் பதிவேட்டை யார் அழிப்பது?

நாங்கள் சலுகை கேட்கவில்லை. எங்கள் தெருவில் ஒருவன் திருடினானா, சாட்சியோடு வா, பிடி, இருபத்துநாலு மணி நேரத்துக்குள் நீதிபதி முன்னால் நிறுத்து. குறுக்கே ஒருத்தர் வரமாட்டோம்.

நாளைக் காலை பத்து மணிக்கு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்குப் போகிறோம். மூன்று ராத்திரிக்கும் கணக்கு வேண்டும்: எந்த வழக்கு, எந்த எண், கைதுக் குறிப்பில் யார் கையெழுத்து? ஒன்றுமே இல்லை என்றால், அடித்தவர்கள் மேல் வழக்குப் பதிவு செய்யச் சொல்லி மனு. உளவுப் பிரிவு நண்பரே, நேரத்தைச் சரியாக எழுதிக்கொண்டீர்களா? பத்து மணி.