குளிரை எதிர்கொள்ள வீட்டுப் பொறியை ஆயத்தம் செய்வோம்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



தில்லியில் வாழும் நாம் இவ்வூர்க் கோடையை ஒருவாறு பொறுத்துக்கொள்கிறோம். மார்கழி, தை மாதக் குளிரோ நமக்குப் பழக்கமற்றது. 5 டிகிரிக்கும் கீழே இறங்கும் இரவுகளில், ஊரிலிருந்து வந்த பெற்றோர் படும் பாட்டை நாம் அறிவோம். கதவடைத்த அறையில் கரியடுப்பை மூட்டி உறங்கியோர் விழிக்காமலே மாண்டனர் என்னும் செய்தி வடநாட்டில் குளிர்காலந்தோறும் வருகின்றது. கரியிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமுமில்லை.

இவ்விடரின்றி அறையை வெம்மையாக்கும் பொறி நம்மில் சிலர் வீட்டுச் சுவரிலேயே உள்ளது. குளிர்ச்சியோடு சூடும் தரும் ஏ.சி.யே அது. ஏற்றம் நீரை உண்டாக்குவதில்லை. கிணற்றிலுள்ளதை மேலே கொணர்கின்றது. அவ்வாறே இப்பொறி வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை இறைத்து அறைக்குள் சேர்க்கின்றது. பின்னாளில் கெல்வின் பிரபு எனப் பெயர்பெற்ற வில்லியம் தாம்சன் 1852இல் இக்கருத்தை விளக்கினார். கம்பி ஹீட்டர் ஒரு யூனிட் மின்சாரத்திற்கு ஒரு யூனிட் வெப்பமே தரும். இப்பொறி ஏறத்தாழ மூன்று யூனிட் தரவல்லது.

சென்ற ஆண்டு நாம் செய்த பிழையொன்றைச் சொல்லிவிடுகிறோம். கோடை முடிந்ததும் தெருவார் செய்வதைப் பார்த்து, வெளிப்பெட்டியைத் தார்ப்பாயால் போர்த்திக் கட்டினோம். அன்னையார் வந்த முதற் குளிரிரவில் பொறியை இயக்கினோம்; சிறிது நேரத்தில் நின்றுவிட்டது. இரண்டு ரஜாய்களுக்குள் அவர் விடியுமட்டும் உட்கார்ந்தே இருந்தார். காலையில் மெக்கானிக் செய்த பழுதுபார்ப்பு, தார்ப்பாயை அவிழ்த்தது ஒன்றே! காற்றோட்டமின்றி இப்பொறி வெப்பத்தை எங்கிருந்து இறைக்கும்?

ஆகவே ஐப்பசியிலேயே ஆயத்தமாவோம். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, உட்பெட்டியின் வடிகட்டியைக் கழுவி நிழலில் உலர்த்துவோம். பின்னர் இரு வாரத்திற்கொருமுறை அவ்வாறே செய்வோம். வெளிப்பெட்டியில் படிந்த புழுதியையும், அதன் பின்னே புறாக்கள் சேர்த்த குச்சிகளையும் அகற்றச் செய்வோம். ரிமோட்டில் சூரியக் குறியை வைத்து, 22 டிகிரியில் அரைமணி இயக்கிப் பார்ப்போம். வெதுவெதுப்பான காற்று வாராவிடில் அப்போதே மெக்கானிக்கை அழைப்போம்; குளிர் முற்றியபின் அவர் கிடைப்பது அரிது. வெப்பக்காற்று மேலெழும் இயல்புடையது. ஆதலின் காற்று வரும் இதழ்களைக் கீழ்நோக்கித் திருப்புவோம்.

பனிமூட்ட இரவுகளில் வெளிப்பெட்டியில் வெண்பனி படியலாம். அதனைப் பொறி தானே உருக்கும். அப்போது உள்ளே சில நிமிடம் காற்று நிற்கும். பழுதென்று அஞ்சவேண்டா. உருகிய நீர் கீழ்வீட்டார் பால்கனியில் சொட்டாதபடி குழாய் அமைப்பது அண்டை அயலார்க்கு நாம் செய்யும் கடமை.

நெடுந்தொலைவு இரயிலில் வரும் நம் முதியோர்க்குச் சூடான காப்பியோடு வெம்மையான அறையும் காத்திருக்கட்டும். கரியடுப்பு மட்டும் நம் படுக்கையறை வாயிலை மிதியாதிருக்கட்டும்.