கண்ணிமைக் கட்டியும் கத்தியச்சமும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியனுக்குக் கண்ணோயைப்பற்றிப் பேச என்ன உரிமை என்று உங்களுட் சிலர் எண்ணக்கூடும். யாம் மருத்துவம் கற்றோமில்லை. ஆயினும் ஒரு பிழை செய்தோம். அப்பிழையே இன்று எம்மைப் பேசத் தூண்டுகின்றது.

எம் வகுப்பில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். அவன் மேலிமையிற் பட்டாணியளவு கட்டியொன்று எழுந்தது. இமை தாழ்ந்தது; கரும்பலகையில் எழுதியதைப் பிழைபடப் படித்தான். யாம் அவனைச் சோம்பனென்று கருதிக் கடிந்தோம். வீட்டாரோ, "உடற்சூடு, தானே அமுங்கும்" என்று நாமக்கட்டியை இழைத்துப் பூசி வந்தனர். ஏழு திங்கள் கழிந்தன. ஈற்றில் கண் மருத்துவர் ஒருவர் கால்மணி நேரத்தில் அக்கட்டியை நீக்கினார். சில கிழமைகளில் அவன் கடைசி வரிசையிலிருந்தே பலகையைத் திருத்தமாகப் படித்தான். அவன் ஏழு திங்கள் பட்ட இடருக்குக் காரணம் அறியாமையே. அவ்வறியாமையில் எமக்கும் பங்குண்டு.

கண்கட்டியென்று நாம் பொதுவாகக் கூறுவது இருவகைப்படும். ஒன்று, இமைமயிரின் அடியிற் கிருமியால் தோன்றிச் சிவந்து, வலித்து, சீழ்கொண்டு சில நாட்களில் உடைவது. மற்றொன்று, வலியின்றி மெல்ல வளர்ந்து, இமையினுள்ளே கடினமாய் உருண்டு நிற்பது. பின்னதையே யாம் இன்று பேசுகின்றோம். இதனைக் கிரேக்கர் 'சிறு ஆலங்கட்டி' என்னும் பொருள்பட அழைத்தனர்.

இதன் காரணம் யாது? நம் மேலிமையில் 25 முதல் 40 வரையும், கீழிமையில் 20 முதல் 30 வரையும் நெய்ச்சுரப்பிகள் உள்ளன. செருமானிய மருத்துவர் மைபோம் என்பார் 1666-ஆம் ஆண்டில் இவற்றை விரித்துரைத்தமையால் இவை மைபோமியன் சுரப்பிகள் எனப் பெயர்பெற்றன. இவை சுரக்கும் நெய், கண்ணீர் விரைவில் உலராது காக்கின்றது. சுரப்பியின் வாய் அடைபட்டால் அந்நெய் சூழ்ந்த தசையிற் கசிகின்றது. உடல் அதனை அயற்பொருளாகக் கருதிச் சூழ்ந்துகொள்ள, கட்டி உண்டாகின்றது. காணத்தகாததைக் கண்டமையால் வந்ததென்பது வீண்பழி. அது பிறர்க்குத் தொற்றுவதுமில்லை. மேலிமைக் கட்டி பெருத்தால் கருவிழியின் முகப்பை அழுத்தி அதன் வளைவை மாற்றும். அதனாற் பார்வை மங்கும். எம் மாணவனுக்கு நேர்ந்தது இதுவே.

முதலிற் செய்யவேண்டுவது ஒத்தடமே. தூய துணியைப் பொறுக்குஞ் சூடுள்ள வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமைமேல் ஐந்து முதல் பத்து நிமிடம், நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை வைத்தல் வேண்டும். பின்னர் இமைமயிரை நோக்கி மெல்ல வருடலாம். பிதுக்குதலும் குத்துதலும் பூண்டு தேய்த்தலும் ஆகா. பல கட்டிகள் இவ்வளவிலேயே சில கிழமைகளிற் கரைந்துவிடும். ஒரு திங்களுக்கு மேலும் கரையாததை மருத்துவரிடம் காட்டவேண்டும். சிலவற்றிற்கு அவர் கட்டியினுள் ஊசி மருந்து செலுத்துவார். சிலவற்றை அறுத்து நீக்குவார்.

'கண்ணிற் கத்தியா?' என்று அஞ்சற்க. கத்தி படுவது இமையின் உட்புறத்திலேயன்றி விழியிலன்று. மருந்துத் துளியும் ஊசியும் இட்டு இமையை மரத்துப்போகச் செய்வர். வளையமுள்ள இடுக்கியாற் பற்றி இமையைப் புரட்டுவர். அயற் சுரப்பிகள் அறுபடாதவாறு நெடுக்காகக் கீறி, சிறு கரண்டி போன்ற கருவியால் உள்ளிருப்பதைச் சுரண்டியெடுப்பர். தையல் வேண்டுவதில்லை. களிம்பிட்டுச் சில மணி நேரம் கண்ணைக் கட்டி வைப்பர். அன்றே வீடு திரும்பலாம். சிறு குழந்தைகளுக்கு மட்டும் மயக்கமருந்து கொடுத்துச் செய்வது வழக்கம்.

இது புதுமையுமன்று. வலியற்ற, கடினமான, இலந்தைக்கனியளவு கட்டியை இமைநோய்களுள் ஒன்றாக வைத்துக் கீறியாற்றுமாறு சுசுருதர் நூல் விதித்துள்ளது. உரோமரான செல்சசு என்பாரும் இதனை அறுக்கும் முறையை எழுதினார்.

தாய்மார்களே! மணம் பேசும் பெண்ணின் கண்ணிற் கத்தி பட்டதென்றாற் குறை கூறுவரென்று கட்டியை மறைத்து வைக்கும் வழக்கம் நம் இல்லங்களில் உண்டு. கீறல் இமையின் உள்ளே ஆறிவிடுவதால் வடு வெளியே தெரிவதில்லை. மறைப்பதே குறை, நீக்குவது குறையன்று.

முதியோர்க்கு ஓர் எச்சரிக்கை. எடுத்த இடத்திலேயே மீண்டும் மீண்டும் கட்டி எழுந்தாலோ, அவ்விடத்து இமைமயிர் உதிர்ந்தாலோ வாளாவிருத்தல் தகாது. அரிதாக அது நெய்ச்சுரப்பியிற் தோன்றும் புற்றுநோயாக இருக்கக்கூடும். எடுத்த சதையைச் சோதனைக்கு அனுப்புமாறு மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பொருளில்லையென்று தயங்குவோர் அரசினர் மருத்துவமனையை நாடலாம். சென்னையில் 1819-ஆம் ஆண்டில் தோன்றிய கண் மருத்துவசாலை இன்று எழும்பூரில் அரசினர் மருத்துவமனையாக விளங்குகின்றது. துணையற்ற முதியோரையும் கைம்பெண்டிரையும் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று வருதலை நம் சங்கத்து இளைஞர் தம் கடமையாக ஏற்றல் வேண்டும்.

அன்பர்களே! யாம் கடிந்த அச்சிறுவன் எம்மை ஒரு சொல்லும் குறை கூறினானில்லை. அதனாலேயே எம் உள்ளம் இன்றும் வருந்துகின்றது. இன்று வீடு சென்றதும் உங்கள் மக்களின் இமைகளை ஒருமுறை உற்றுநோக்குங்கள். அதுவே இப்பேச்சுக்கு நீங்கள் தரும் பரிசாகும்.