கால்களைக் கட்டியது விதியா, விஷமா?



இன்று நாம் மரவள்ளிக் கிழங்கைப் பற்றிப் பேசப் போகின்றோம். "இந்த மேடையில் கிழங்குப் பேச்சா?" என்று சிலர் சிரிக்கலாம். சிரியுங்கள்; ஆனால் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

ஆப்பிரிக்காவில் மொசாம்பிக் என்றொரு தேசம். 1981-ஆம் வருஷம் அத்தேசத்தின் நம்பூலா மாகாணத்தில் மழை பொய்த்தது. அப்போது, நன்றாய் நடந்து திரிந்தவர்கள் திடீரென்று இரண்டு கால்களும் விறைத்து விழுந்தார்கள். ஒருவர் இருவரல்ல, 1,100 பேருக்கு மேல். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். போன கால் திரும்பவில்லை. காங்கோ தேசத்தில் இதே வியாதிக்குக் 'கொன்ஸோ' என்று பெயர். யாக்கா மொழியில் அதற்குக் 'கட்டுண்ட கால்கள்' என்று பொருள்.

இக்கேடு நம்மூரில் வந்திருந்தால் என்ன சொல்லியிருப்போம்? பூர்வ ஜென்ம கர்மம் என்பார் ஒருவர். ஆத்தாள் கோபம் என்பார் மற்றொருவர். ஆடு வெட்டுவோம், பூசாரிக்குத் தட்சணை அழுவோம். ஆனால் கால் நிமிருமா?

அங்கே சென்ற வைத்தியர்கள் தொற்று வியாதியா என்று பார்த்தார்கள், அல்லவென்று கண்டார்கள். ஜனங்கள் எதைத் தின்கிறார்கள் என்று விசாரித்தார்கள். விடை அடுப்பங்கரையிலேயே இருந்தது.

கசப்பு மரவள்ளியை நறுக்கினாலும் நசுக்கினாலும் சயனைடு என்னும் விஷம் பிறக்கின்றது. பிராணிகள் தின்னாதபடி செடி தன்னைக் காத்துக்கொள்ளும் வழி அது. அவ்விஷம் நம் உடம்பின் உயிரணுக்களைக் காற்றிருந்தும் மூச்சுவிட முடியாமல் செய்துவிடும். ஆகையால்தான் அந்நாட்டுத் தாய்மார்கள் கிழங்கைப் பல நாள் காயவைத்தும் ஊறவைத்தும் விஷத்தைப் போக்கித் தின்றார்கள். இதில் மந்திரமுமில்லை, சடங்குமில்லை, அனுபவ அறிவு. பஞ்சத்தில் மற்றப் பயிரெல்லாம் கருக, கசப்புக் கிழங்கே மிஞ்சிற்று. பசித்த பிள்ளைகள் காத்திருக்குமா? நாளைக் குறைத்தார்கள், விஷம் தங்கிவிட்டது.

உடம்புக்குள்ளும் ஒரு காவல் உண்டு. மீன், முட்டை, பயறு இவற்றிலுள்ள கந்தகச் சத்தைக்கொண்டு உடம்பு இவ்விஷத்தை வீரியம் குறைந்த பொருளாக்கிச் சிறுநீரில் தள்ளிவிடும். ஏழை வீட்டில் மீனேது, பயறேது? இரண்டு காவலும் ஒருங்கே போயின.

பரிகாரம் என்ன? ஆஸ்திரேலிய விஞ்ஞானி ஹவார்ட் பிராட்பரி ஒரு வழி சொன்னார். கிழங்கு மாவில் தண்ணீர் விட்டுப் பிசைந்து, மெல்லியதாய்ப் பரப்பி, நிழலில் ஐந்து மணி நேரம் வைத்தால் விஷத்தில் பெரும்பகுதி ஆவியாய்ப் போய்விடும். காங்கோவில் கொன்ஸோ கண்ட கிராமத்துப் பெண்களுக்கு இதைக் கற்பித்தார்கள். புதிதாய்க் கால் முடங்குவது நின்றது. செலவு ஒரு செம்புத் தண்ணீர்!

நம்மூர்க் கிழங்கில் விஷம் குறைவுதான். என்றாலும் தோலில் அதிகம். தோலுரித்து, வேகவைத்து, நீரை வடித்துத் தின்னுங்கள்.

தோழர்களே! அக்கால்களைக் கட்டியது விதியல்ல, விஷம். விஷத்தைத் தின்ன வைத்தது பசி. விஷத்திற்கு அறிவு மருந்து. பசிக்குச் சோறு மருந்து. "எல்லாம் தலையெழுத்து" என்கிறவன் இந்த இரண்டு மருந்தையும் ஏழைக்கு எட்டாமல் செய்கிறவனாவான். யோசித்துப் பாருங்கள்.