முகவரி அறிந்து செல்லும் மருந்து

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருப்பது செண்பகத்தோப்பு. செண்பகத்தின் மணம் காற்றோடு எங்கும் பரவும். ஆயினும் வண்டு அம்மலரை நாடாது என்பது நம் இலக்கிய மரபு. செய்தி எல்லார்க்கும் சென்றாலும் ஏற்கும் பொறி உள்ளவரிடத்தே பலிக்கும். புற்றுநோய் மருத்துவத்தின் புதுமை ஒன்றுக்கு இதுவே அடிப்படை.

நம் நரம்புகள் சிறு புரதத் துணுக்குகளைத் தூதர்களாக அனுப்புகின்றன. இவை நரம்புப் பெப்டைடுகள் எனப்படும். உயிரணுவின் மேற்பரப்பில் இவற்றுக்குரிய ஏற்பி இருந்தாலன்றி இவை செயற்படா. பள்ளியில் நான் இதனைப் பூட்டும் திறவுகோலும் என்று விளக்குவதுண்டு.

1973-இல் கலிபோர்னியாவில் ரோஜர் கில்லமின் குழுவினர் ஆட்டு மூளையிலிருந்து ஸோமடோஸ்டேடின் என்னும் பெப்டைடைப் பிரித்தெடுத்தனர். ‘சுரப்பை அடக்கு’ என்பதே அது சுமந்து செல்லும் செய்தி. குடலிலும் கணையத்திலும் தோன்றும் நரம்புச் சுரப்பிக் கட்டிகள் பலவற்றின்மேல் இதன் ஏற்பிகள் மிகுந்திருப்பது பின்னர்ப் புலனாயிற்று. ஆனால் 14 அமினோ அமிலங்கள் கொண்ட இப்பெப்டைடு குருதியில் சில நிமிடங்களே நிலைக்கும். ஆகவே, 8 அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்டு, நீடித்து நிற்கும் ஆக்ட்ரியோடைடை வேதியியலார் ஆக்கினர்.

அதனையொத்த பெப்டைடுடன் லுட்டீசியம் 177 என்னும் கதிரியக்கப் பொருளைப் பிணைத்துச் சிரை வழியே செலுத்தினால், அது கட்டியின் ஏற்பியைப் பற்றி உள்ளே புகும். அதன் கதிர் ஓரிரு மில்லிமீட்டருக்குள்ளேயே உயிரணுக்களைத் தாக்கும். சிறுகுடற் பகுதிக் கட்டிகளின் வளர்ச்சியை இம்மருந்து நெடுநாள் தடுத்ததை 2017-இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. நோய் முற்றும் தீர்ந்தது என்பது இதன் பொருளன்று. நோயாளிக்குக் காலம் கிடைத்தது என்பதே பொருள்.

லுட்டீசியத்தை நம் நாட்டிலேயே, டிராம்பேயிலுள்ள துருவா அணு உலையில் உண்டாக்குகின்றனர். அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 6.65 நாள். இருபது நாள் கிடந்தால் எஞ்சுவது எட்டில் ஒரு பங்கே. எனவே இம்மருந்தைச் சேமித்து வைக்க இயலாது. உலையிலிருந்து நோயாளியிடம் விரைந்து சேர வேண்டும். இயற்பியலும் வேதியியலும் உயிரியலும் ஒருங்கே உழைத்தாலன்றி இம்மருத்துவம் இல்லை.

இனி, இன்றியமையாத ஒன்று. மருந்தளிக்குமுன் கேலியம் 68 சேர்த்த பெப்டைடைச் செலுத்திப் படம் எடுப்பர். கட்டி அதில் ஒளிர்ந்தால் ஏற்பி உண்டு. ஏற்பி இல்லையேல் இம்மருந்து பயன்படாது. சிறுநீரகத்துக்கும் எலும்பு மஜ்ஜைக்கும் வீண் கதிர்ச்சுமையே மிஞ்சும். புற்று என்பது ஒரே நோயன்று; பல நோய்களுக்கு வழங்கும் பொதுப்பெயர். எல்லாப் புற்றையும் தன் மருந்து ஒன்றே தீர்க்கும் என்று எவரேனும் கூறினால், ‘எந்தக் கட்டி? எந்த ஏற்பி? எங்கே சோதித்தீர்?’ என்று கேளுங்கள். அவ்வாறு கேட்கக் கற்பதே அறிவியற் கல்வியின் பயன்.