கண்ணகியும் கணிப்பொறியும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பிறந்த ஊரை விட்டு, பிழைப்பு நாடி மதுரைக்கு வந்தவள் கண்ணகி. பாண்டியன் அவைக்கு அவள் கண்ணீரை மட்டுமா கொண்டு சென்றாள்? காற்சிலம்பையும் கொண்டு சென்றாள். அதினின்று தெறித்த மாணிக்கமே வழக்கை வென்றது. பெங்களூரில் வந்து வாழும் நமக்கும் அவள் காட்டிய வழியே வழி. முறையிடுமுன் சான்று தேட வேண்டும்.

சென்ற ஆண்டு நம் குடியிருப்பிலே ஒரு குடும்பத்திற்கு, பதினைந்து நாளில் வீட்டைக் காலி செய்யுமாறு அறிவிப்பு வந்தது. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை. நடமாட இயலாத பாட்டி. எங்கே போவார்கள்? அவர்களோடு நாமும் அமர்ந்து சட்டத்தைத் தேடினோம்.

1999ஆம் ஆண்டின் கர்நாடக வாடகைச் சட்டம் காக்கும் என்று முதலில் நம்பினோம். பெங்களூரில் மாதம் 3,500 ரூபாய்க்கு மேற்பட்ட வாடகை வீடுகளுக்கு அது பொருந்தாது என்று கண்டோம். எனவே 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்திலுள்ள 106ஆம் பிரிவை நாடினோம்.

2008 முதல் கட்டணமின்றித் தீர்ப்புகளைப் படிக்கத் தரும் 'இந்தியன் கானூன்' தளத்திலே ஒரு பழைய தீர்ப்பு கிடைத்தது. அறிவிப்புக் காலம் வாடகை மாதத்தின் இறுதியிலேயே முடிய வேண்டும் என்றது அது. நமக்கு வந்த அறிவிப்போ மாத நடுவில் முடிந்தது. வென்றோம் என்று மகிழ்ந்தோம்!

அம்மகிழ்ச்சி ஓரிரவே நிலைத்தது. மறுநாள் உரைநூலைப் புரட்டியபோது, அந்த நிபந்தனை 31-12-2002 முதல் நீக்கப்பட்டது என்று கண்டோம். ஒப்பந்தம் வேறு கூறாவிடில், மாத வாடகைக்குப் பதினைந்து நாள் அறிவிப்பே போதும். தீர்ப்பு பொய்யன்று, சட்டம் மாறிவிட்டது. அதே தேடலில் ஓர் ஆறுதலும் கிட்டியது. நாள் கடந்தாலும், நீதிமன்ற ஆணையின்றி எவரையும் வலிந்து வெளியேற்றலாகாது. வீண் வீம்பின்றி வழக்கறிஞர் வாயிலாகப் பேசினோம். தேர்வு முடியும் வரை தங்க வீட்டுக்காரர் இசைந்தார்.

அன்பர்களே! முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று நூலை வகுத்தவர் நம் முன்னோர். சட்டத்திற்கும் அவ்வரிசை உண்டு. சட்டமும் தீர்ப்பும் முதல்நூல். முல்லா போன்றோரின் உரைகள் வழிநூல். அறியாதவர் உரையில் தொடங்குக. எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று அது காட்டும். பழைய புத்தகக் கடையில் மலிவாக வாங்கினால் பதிப்பாண்டைப் பார்த்திடுக. பின்னர் 'இந்தியா கோடு' தளத்தில் மைய அரசுச் சட்டத்தை நேரில் படித்திடுக. உச்ச நீதிமன்றம் 2023இல் தொடங்கிய 'இ-எஸ்.சி.ஆர்.' தளத்தில் தீர்ப்புகளை இலவசமாகக் காணலாம். சில தமிழிலும் உள. இறுதியாக, தீர்ப்பு வந்த ஆண்டுக்குப் பின் சட்டம் திருத்தப்பட்டதா என்று ஆராய்க.

இத்தனையும் வழக்கறிஞருக்கு மாற்றாகுமா? ஆகாது. ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்கத் துணிவு தரும். பொருளில்லையே என்று கலங்கவும் வேண்டா. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எதுவாயினும் பெண்டிர் அனைவரும் இலவசச் சட்ட உதவி பெற உரியவர்.

அறிவிப்பைக் கண்டு அஞ்சி, இரவோடிரவாகப் பெட்டி கட்டும் தமிழ்க் குடும்பம் இனி ஒன்றும் இருத்தலாகாது. சிலம்பு நம் கையில் உள்ளது. அதன் பரல் இன்னதென்று அறிந்து அவை ஏறுவோம்.